மழலையர் பள்ளிக் கட்டடம்: யானை முகப்பும் ஐந்திணை ஓவியமும் போதுமா?

வேம்படி (கேள்வி)

தென்காசிப் பக்கம் 30 சென்ட் இடம். மூன்று முதல் ஐந்தரை வயது வரை 60 பிள்ளைகள், 20 பேர் வீதம் மூன்று வகுப்பு. தரைத்தளம் மட்டும்தான். இடத்துக்குள் ஒரு பெரிய வேம்பு, கிழக்கு எல்லையில் மூன்று பனை, வடமேற்கு மூலையில் ஒரு புங்கை. செம்மண் தரை. ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து காற்றும் சாரலும்; ஐப்பசி கார்த்திகையில் அடைமழை.

கையில் இருக்கிற முதல் வரைபடம் இப்படி: சாலையைப் பார்த்த முகப்பு யானைத் தலை வடிவம், தும்பிக்கைக்குக் கீழே வாசல். வகுப்பறையிலும் நடையிலுமாக ஐந்து சுவர்களில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை ஓவியங்கள். நடுவில் 20க்கு 24 அடி முற்றம், அதன் மேல் தென்னங்கீற்றுக் கூரை. நம் மண்ணின் மரபும் இயற்கையும் பிள்ளைகளின் கற்பனைக்குத் தீனி போட வேண்டும் என்பது நோக்கம். ஆனால் வரைபடத்தைப் பார்க்கும்போது வழக்கமான பெட்டிக் கட்டடத்தின் மேல் மரபைப் படமாக ஒட்டியது போல்தான் இருக்கிறது.

இதில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம்? திண்ணை, முற்றம், சன்னல் எல்லாம் பிள்ளைகளுக்கு என்ன அளவில் இருக்க வேண்டும்? கூரைக்கும் சுவருக்கும் எது சரி? பொதுவான யோசனைகள் நிறையக் கிடைக்கின்றன; அளவும் காரணமும் சேர்த்துச் சொன்னால் பெரிய உதவி.

---

முற்றவெளி

யானை முகப்பை விட்டுவிடுங்கள். அது சாலையில் போகிற பெரியவர்களுக்காகச் செய்த வடிவம். வாசலில் நிற்கிற மூன்று வயதுப் பிள்ளைக்கு எதிரே இருப்பது இரண்டு சிமென்ட் கால்கள். தலையும் தும்பிக்கையும் அதன் பார்வைக்கு மேலே போய்விடும். ஏற முடியாது, நுழைய முடியாது, ஒளிய முடியாது. ஒரு வாரத்தில் அது வெறும் சுவர். இந்த வயதுக் கற்பனை கண்ணில் தொடங்குவதில்லை, கை காலில் தொடங்குகிறது. குனிந்து நுழைகிற இடம் குகையாகும், உயரம் மாறுகிற இடம் மலையாகும், இரண்டு தூணுக்கு நடுவே கடையோ பேருந்தோ வந்துவிடும். வடிவத்தை நாம் முடித்துக் கொடுத்துவிட்டால் அந்த வேலை பிள்ளைக்கு மிஞ்சாது.

டோக்கியோவின் மேற்கே தாச்சிகாவாவில் 2007-இல் தெசுகா தம்பதி வடிவமைத்த ஃபுஜி மழலையர் பள்ளியைப் பாருங்கள். எந்த விலங்கு உருவமும் இல்லை. வளையமான ஒரே கூரை. அதன் மேல் பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருக்கலாம், ஓட்டம் முடிகிற இடமே கிடையாது. அங்கே இருந்த மூன்று பெரிய செல்கோவா மரங்களை வெட்டாமல் கூரையைத் துளைத்துப் போக விட்டிருக்கிறார்கள். வங்கதேசத்து ருத்ராபூரில் மண்ணும் மூங்கிலும் கொண்டு எழுப்பிய மெட்டி பள்ளியில் வகுப்பறைக்குப் பின்னால் மண்ணாலேயே வழுவழுப்பான குகைகள். படுக்கலாம், ஒட்டிக்கொண்டு உட்காரலாம். 2007-இல் ஆகா கான் விருது பெற்ற கட்டடம் அது. இரண்டிலும் உள்ளூர்த்தன்மை மரமாகவும் மண்ணாகவும் வருகிறது, படமாக வரவில்லை.

நமக்கு அந்த இடத்தில் நிற்பவை திண்ணை, முற்றம், தூண், தாழ்வாரம், திட்டிவாசல். இவற்றை அப்படியே தூக்கி வைத்தால் பெரியவர்கள் அளவில் போய் நிற்கும். பிள்ளை அளவுக்குக் குறைக்க வேண்டும்.

திண்ணை. வழக்கமான ஒன்றரை அடித் திண்ணையில் நாலு வயதுப் பிள்ளை ஏறி உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் தொங்கும். இரண்டு தட்டாகக் கட்டுங்கள்: கீழ்த்தட்டு 10 அங்குல உயரம், 14 அங்குல அகலம், மேல்தட்டு 18 அங்குல உயரம், இரண்டரை அடி அகலம். கீழே பிள்ளை உட்கார்ந்து செருப்பு மாட்டும், மேலே கூட்டிப் போக வந்த ஆச்சி உட்காருவாள். விளிம்பை முக்கால் அங்குல வளைவாக உருட்டச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கொத்தனார் கூர் விளிம்பாகத்தான் முடிப்பார். அதுதான் சுத்தமான வேலை என்று அவருக்குப் பழக்கம்.

தூண். நாலு வயதுப் பிள்ளை கை விரித்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர். கட்டிப்பிடித்துச் சுற்றி வர 8 முதல் 9 அங்குல விட்டமுள்ள உருண்டைத் தூண் சரியாக இருக்கும். பழைய வீட்டுத் தூண் கிடைத்தால் அடிக்கல்லைக் கவனியுங்கள். சதுர அடிக்கல்லின் மூலை, ஓடி விழுகிற பிள்ளையின் நெற்றிக்கு நேராக வரும். உருண்டைக் கல் போடுங்கள், அல்லது சதுரக் கல்லைத் தரை மட்டத்துக்குள் இறக்கிவிடுங்கள்.

திட்டிவாசல். கோயில், கோட்டைப் பெருங்கதவில் ஆள் நுழைய மட்டும் ஒரு சிறு கதவு இருக்குமே, அது. 6 அடி அகல இரட்டைக் கதவின் ஒரு பலகையில் மூன்றே முக்கால் அடி உயரம், இரண்டடி அகலத்தில் ஒரு சிறு கதவு. பிள்ளை நிமிர்ந்து நுழையும், பெரியவர் குனிந்து நுழைய வேண்டும். யானை வாயில் கொடுக்க நினைத்த வியப்பு இதில் நாள்தோறும் கிடைக்கும். மரபில் உள்ள வாசற்படி இதற்கு வேண்டாம், தடுக்கும். பெருங்கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். தாழ்ப்பாள் பெரியவர் கை உயரத்தில் உள்ளிருந்து ஒரே அசைவில் விடுபட வேண்டும். அவசரத்துக்குத் திட்டிவாசலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

சன்னல். நாலு வயதில் நிற்கும்போது கண் ஏறக்குறைய 3 அடியில், தரையில் உட்காரும்போது ஒன்றரை அடியில். வழக்கமான 3 அடிச் சன்னல் திட்டு என்றால் உட்கார்ந்த பிள்ளைக்கு வானம் மட்டும்தான். கிழக்கே ஒரு சன்னலாவது தரையிலிருந்து ஓரடியில் தொடங்கட்டும். பனையில் தூக்கணாங்குருவி கூடு பின்னினால், பாயில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். கம்பி செங்குத்தாக, இடைவெளி மூன்றரை அங்குலத்துக்கு உள்ளே. குறுக்குக் கம்பி போட்டால் ஏணியாகிவிடும்.

வகுப்பறை. 30 பிள்ளைகளுக்குக் குறைந்தது 35 சதுர மீட்டர் என்பது 2013-ஆம் ஆண்டு தேசிய முன்பருவக் கல்விக் கொள்கையோடு வந்த தர அளவு. அது கீழ் எல்லை. 20 பேருக்கே 420 சதுர அடி வைத்துக்கொண்டால்தான் ஒரு மூலையை நாலரை அடி உயரக் குகையாக ஒதுக்க முடியும். படி ஏற்றம் எல்லா இடத்திலும் 5 அங்குலம், மிதி 12 அங்குலம்.

வெயில். தென்காசி 9 பாகை அட்சரேகை. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் உச்சிக்கு நேர்மேலே. டிசம்பரில் தெற்கே சாயும். அப்போதும் 3 அடித் தாழ்வாரம் தெற்குச் சுவரில் நாலே முக்கால் அடிக்கு நிழல் போட்டுவிடும். வடக்கும் தெற்கும் எளிது. பள்ளி மதியத்தோடு முடிவதானால் மேற்கைவிடக் கிழக்குச் சுவர்தான் பாடு படுத்தும். 9 மணி வெயில் தாழ்வாரத்துக்குக் கீழே புகுந்து வரும். வகுப்புகளை வடக்கு, தெற்கு வரிசையில் வைத்து, கிழக்கே 8 அடித் தாழ்வாரம் விடுங்கள். மேற்கே பொருள் அறை, அலுவலகம், கழிப்பறை. அந்த வரிசையே காற்றுக்கும் சாரலுக்கும் தடுப்பாகும்.

---

செங்கல்சூளை

முதல்ல கீற்றுக் கூரை. அந்தப் பேச்சையே விட்டுருங்க. கும்பகோணத்துல 2004 ஜூலை 16 அன்னைக்கு 94 பிள்ளைங்க போனது கீற்றுல பத்தின தீயில. அதுக்குப் பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகள்ல கீற்றுக் கூரைக்கு இடமே இல்லை. மருந்து தெளிச்ச கீற்று, மேலே தகரம் கீழே கீற்று, எதுவும் வேண்டாம். சமையல் இருந்தா தனிக் கட்டடம், சிலிண்டர் வெளியே. ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு வழி: ஒண்ணு முற்றத்துக்கு, ஒண்ணு நேரா வெளிய.

முற்றத்துக்கு மேல கூரையே தேவையில்லைங்க. திறந்தே இருக்கட்டும். சுத்தி 8 அடித் தாழ்வாரம் இறக்குங்க, மேற்குப் பக்கம் மட்டும் 10 அடி. தண்ணிக் கணக்கு பாருங்க: 20க்கு 24 முற்றம், உள்பக்கம் சாயுற தாழ்வாரமும் சேர்ந்தா 1,440 சதுர அடிக்கு மேல. மணிக்கு 60 மில்லிமீட்டர் மழைன்னா எட்டாயிரம் லிட்டர் அந்த முற்றத்துக்குள்ள இறங்கும். ஒரு 4 அங்குலக் குழாய் தாங்கும். ஆனா வேப்பிலை ஒரே மழையில அதை அடைச்சிரும், அதனால எதிரெதிர் மூலையில இரண்டு குழாய் போடுங்க. முற்றம் 5 அங்குலம் பள்ளம், நூறுக்கு ஒண்ணு சரிவு. குழாய் வாயில கையால கழட்டுற சல்லடை வைங்க, திருகாணி போட்டா யாரும் கழட்ட மாட்டாங்க.

தாழ்வாரத்துக்கு மங்களூர் ஓடு. சரிவு 30 பாகை. உங்க பக்கம் காத்து ஓட்டைக் கிளப்பும், ஓர வரிசை ரெண்டையும் கம்பி போட்டுக் கட்டணும். குரங்கு நடமாட்டம் இருந்தா ஓடு உடையறது நிச்சயம். உடைஞ்ச சில்லு பிள்ளை மேல விழாம இருக்க அடியில தட்டையான உள்ளோடு பாவுங்க, இல்லைன்னா சல்லடைக் கம்பி வலையாவது அடிங்க. இதை மிச்சம் பிடிக்காதீங்க.

வகுப்பு அறைக்கு நிரப்புத்தளம். லாரி பேக்கர் கேரளத்துல பரப்பின முறை: தளத்தோட அடிப்பாதியில காங்கிரீட்டுக்கு இழுவிசை தாங்குற வேலை இல்லை, கம்பிதான் தாங்குது, அந்த இடத்துல ஓடோ சட்டியோ வச்சு நிரப்புறது. நம்ம குயவர்கிட்ட 8 அங்குல விட்டம், 3 அங்குல உயரச் சட்டி சொல்லிச் செய்யலாம். பிள்ளை படுத்துக்கிட்டு அண்ணாந்து பார்த்தா வரிசை வரிசையா செவ்வட்டம். எண்ணும், நட்சத்திரம்னு சொல்லும்.

இதுல என்ன தப்பாகும்னா:

சட்டியை ஊற வைக்காம வச்சா காங்கிரீட் தண்ணியை உறிஞ்சிரும், சுத்தி பொக்கு விழும். இரண்டு மணி நேரமாவது ஊறணும். சட்டியைக் கவிழ்த்து வைக்கும்போது வாய் விளிம்பைச் சாந்து வச்சு பலகையோட ஒட்டணும்; இல்லைன்னா சிமென்ட் பால் உள்ள போகும், அதிர்வுக் கருவி போட்டதும் சட்டி நகரும். சட்டிக்கும் சட்டிக்கும் நடுவுல 4 அங்குலம் காங்கிரீட், அதுக்குள்ளதான் கம்பி. சுவர், உத்திரத்துல இருந்து ஒன்றரை அடிக்குச் சட்டியே கூடாது, அங்க வெட்டு விசை அதிகம், கெட்டித் தளமா இருக்கணும். தள கனம், கம்பி இடைவெளி எல்லாம் பொறியாளர் கணக்குப் போட்டுக் கையெழுத்துப் போடணும். கொத்தனார் அனுபவத்துல செய்யுற வேலை இல்லை இது.

சுவருக்கு, செம்மண் இருக்கிறதால அழுத்திய மண்கல் பொருந்தும். மேல் மண்ணை ஓரடி ஒதுக்கிருங்க, வேரும் மக்கும் கல்லைக் கெடுக்கும். கீழ் மண்ணுல மணலும் சரளையும் மூணுல ரெண்டு பங்கு, களி அஞ்சுல ஒரு பங்கு இருந்தா எடை கணக்குல 5 சதவீதம் சிமென்ட் போதும். களி கூடினா மணல் சேர்க்கணும், இல்லைன்னா காயும்போது வெடிக்கும். நாலு வாரம் ஈரம் காயாம மூடி வைக்கணும்; ரெண்டாவது வாரமே சுவர் வைக்கத் தொடங்கிருவாங்க, அங்கதான் கல் உதிரும். அடியில ஒன்றரை அடி கருங்கல் கட்டு.

ஒரு விஷயம். பிள்ளை மண் சுவரைச் சுரண்டும். நகத்தால, குச்சியால, கரண்டியால. மூணு அடி உயரம் வரைக்கும் சுண்ணாம்புப் பூச்சு தேய்ச்சு மெழுகுங்க. அதுக்கு மேல கல்லை அப்படியே விடலாம்.

காத்துக்கு ஓட்டைச் சுவர் வைக்கிறதா இருந்தா ஓட்டை அளவைப் பாருங்க. 8 முதல் 25 மில்லிமீட்டர்ல விரல் சிக்கும். மூன்றரை அங்குலத்துக்கு மேல, 9 அங்குலத்துக்குள்ள தலை சிக்கும். இரண்டுக்கும் நடுவுல, 2 முதல் 3 அங்குலம் சரி. முதல் ஓட்டை ரெண்டடிக்கு மேல தொடங்கட்டும், பாம்பு தேள் நுழையறது குறையும். உள்பக்கம் வலை அடிக்கலைன்னா ஒரே பருவத்துல குளவி மண்ணு வச்சு அடைச்சிரும்.

---

வேம்படி

மிக்க நன்றி. கீற்றும் யானையும் எடுத்தாகிவிட்டது. ஐந்திணையை மட்டும் விட மனம் வரவில்லை. நிர்வாகத்துக்கும் அதுதான் பிடித்தமான பகுதி. தரைக்கு ஆத்தங்குடிக் கல் என்று பேச்சு இருக்கிறது, அதுவும் சரிதானா?

---

மழலைவகுப்பு

வகுப்பு நடத்துகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். முற்றவெளி ஐயா சொன்னதில் ஒன்றை மாற்ற வேண்டும். கழிப்பறையை மேற்கு வரிசையில் வைக்காதீர்கள். மூன்று மாதம் மேல்காற்று அடிக்கிற ஊரில் அந்த வாடை முழுவதும் முற்றத்துக்குத்தான் வரும். அதைவிட முக்கியம், மூன்று வயதுப் பிள்ளை கடைசி நிமிடத்தில்தான் சொல்லும். முற்றத்தைக் கடந்து ஓடும்போதே நனைந்துவிடும். இரண்டு வகுப்புக்கு நடுவே ஒன்று, மூன்றாவது வகுப்பை ஒட்டி ஒன்று, காற்றோட்டச் சன்னல் வடக்கிலோ கிழக்கிலோ. கதவு 3 அடி உயர அரைக்கதவு, உள்தாழ் வேண்டாம். பிள்ளைக்குரிய சிறு பீங்கான், கைகழுவும் தொட்டி விளிம்பு 18 முதல் 20 அங்குல உயரம். இருட்டுக் கழிப்பறைக்குப் பிள்ளை போகாது, அடக்கிக்கொள்ளும். கூரையில் ஒரு கண்ணாடி ஓடு பதித்துவிடுங்கள்.

குகைக்கு ஒரு நிபந்தனை. பிள்ளைக்கு ஒளிந்த மாதிரி இருக்க வேண்டும், ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். வாய் இரண்டரை அடி அகலம், ஆழம் 4 அடிக்கு மேல் வேண்டாம். பக்கச் சுவரில் பெரியவர் குனிந்து பார்க்கிற உயரத்தில் ஒரு துளை. ஒரே வாய் இருந்தால் உள்ளே இருப்பவர் வெளியே இருப்பவரை விடமாட்டார், சண்டை வரும். இரண்டு வாய் வையுங்கள், அதுவே வண்டி ஓட்டி விளையாடும் பாதையாகிவிடும்.

சத்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. தளம் காங்கிரீட், தரை கல், சுவர் கெட்டி. 20 பிள்ளைகள் பேசினால் அறை கோயில் மண்டபம் போல் முழங்கும், ஆசிரியர் கத்த வேண்டி வரும், அதற்கு மேல் பிள்ளைகள் கத்தும். கட்டிய பிறகு ஒரு முறை கை தட்டிப் பாருங்கள்; ஒலி அரை நொடிக்கு மேல் தங்கினால் குறைக்க வேண்டும். இரண்டு சுவர்களில் 2 முதல் 6 அடி உயரத்துக்குச் சணல் துணி ஒட்டிய மென்பலகை, தரையில் கோரைப்பாய். பிள்ளைகள் வரைந்ததைக் குத்தி வைக்கவும் அந்தப் பலகை ஆகும். அதனால்தான் சுவர் ஓவியம் வேண்டாம் என்கிறேன். பெயின்டர் வரைந்த யானை நிற்கிற சுவரில் பிள்ளை வரைந்த யானைக்கு இடமில்லை.

ஐந்திணையை விடவே வேண்டாம். அதைச் சுவரிலிருந்து தரைக்கு இறக்குங்கள். திணை என்றாலே முதலில் நிலம்தானே. 30 சென்டில் ஐந்தும் பிடிக்கும்:

குறிஞ்சிக்கு நாலடி உயர மண்மேடு, அஸ்திவாரத்தில் வருகிற மண்ணே போதும். சரிவு மூன்றுக்கு ஒன்றைவிடச் செங்குத்தாகக் கூடாது, அறுகம்புல் பதிக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் ஐப்பசியில் கரைந்து முற்றத்துக்கு வரும். முல்லைக்கு ஒரு சிறு பந்தல், கொடி ஏற இரண்டு வருடமாகும். மருதத்துக்கு மூன்றடி அகலப் பாத்தி நாலு. மூன்றடி என்றால்தான் இரு பக்கமிருந்தும் பிள்ளையின் கை நடுவுக்கு எட்டும். நெய்தலுக்கு மணல்குழி. பாலைக்குத் தனியாக எதுவும் கட்ட வேண்டாம். வெயில் படுகிற ஒரு மூலையை வெறும் தரையும் கல்லுமாக அப்படியே விட்டால் போதும், வெறுங்கால் வைத்ததும் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். "மாலையில் இங்கே ஏன் சுடவில்லை?" என்று கேட்கிற பிள்ளைக்குப் பாலை புரிந்துவிட்டது. கூழாங்கற்கள் பிள்ளையின் மூடிய கையைவிடப் பெரியதாக இருக்கட்டும், வாயில் போகாது.

ஆத்தங்குடிக் கல் வகுப்புக்குள் நன்றாக இருக்கும். காலுக்குக் குளிர்ச்சி, துடைக்கத் துடைக்க மெருகு. வெயிலும் மழையும் படுகிற இடத்தில் நிறம் மங்கும், நனைந்தால் வழுக்கும். முற்றத்துக்கும் கழிப்பறைக்கும் வேண்டாம். ஈரம் ஏறுகிற தரையில் பதித்தால் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும், அடியில் ஈரத்தடை முதலில் போட வேண்டும். செலவு மிஞ்சினால் காவித் தரையே போதும். சிமென்ட் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் காவி வேண்டாம், 4 அடிக்கு ஒரு கோடு பிரித்தால் வெடிப்பு ஓடாது, மறுநாள் தொடங்கி 7 நாள் தண்ணீர் நிற்க வேண்டும்.

தாழ்வாரத் தரையில் புள்ளிகள் மட்டும் பதியுங்கள். 6 அங்குல இடைவெளியில் வெள்ளைக் கல்புள்ளி, 9க்கு 9. முழுக்கோலம் பதித்தால் பிள்ளை அதன் மேல் நடக்கும், அவ்வளவுதான். புள்ளி மட்டும் இருந்தால் சுண்ணக்கட்டி எடுத்துச் சுற்றிச் சுற்றி வளைக்கும், ஒரு கோடு எங்கே முடியும் என்று தேடும். திண்ணையின் மேல்தட்டில் பல்லாங்குழி, ஏழு ஏழாகப் பதினாலு குழி, ஒவ்வொன்றும் 3 அங்குல அகலம், ஓரங்குல ஆழம். மழை படாத பக்கத்தில் குடையுங்கள், தண்ணீர் நின்றால் கொசு. மூன்று வயதுக்காரர்களுக்குப் புளியங்கொட்டை கொடுக்காதீர்கள். மூக்கில் போடும், விழுங்கும். அவர்களுக்கு ஒன்றரை அங்குலத்துக்கு மேலான மரக்காய்.

---

பூவரசு

மரங்களைப் பற்றி மட்டும்.

வேம்பின் கிளைப்பரப்புக்குள் அஸ்திவாரம் தோண்டாதீர்கள். தண்ணீர் உறிஞ்சுகிற வேர் அடிமரத்தருகே இல்லை, கிளை நுனிக்குக் கீழேதான். பெரிய வேர் இரண்டு வெட்டுப்பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு பக்கக் கிளை காயும், அல்லது ஆடிக் காற்றில் மரமே சாயும். வேம்பைச் சுற்றி மேடை கட்டுவது நம் வழக்கம்தான், ஆனால் அடிமரத்தை ஒட்டி மண்ணை நிரப்பினால் பட்டை அழுகும். அடிமரத்திலிருந்து 2 அடி தள்ளி, குட்டைக் கால்கள் மேல் கற்பலகை பாவிய வளையமாகக் கட்டுங்கள், 10 அங்குல உயரம். சுற்றி 6 அடிக்கு சிமென்ட் பூசாத தரை.

பனை மூன்றும் இருக்கட்டும். வெட்ட நினைத்தாலும் மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். ஆனால் அடியில் விளையாட்டுப் பொருள் எதையும் வைக்காதீர்கள். ஆவணி வாக்கில் பழம் விழும், காய்ந்த மட்டை காற்றில் வரும், மட்டையின் கருக்கு அரிவாள் மாதிரி. பனையைச் சுற்றி 15 அடிக்கு உயரமான செடிவேலி போட்டு, பார்க்கிற இடமாக மட்டும் வையுங்கள். ஓரடிச் சன்னல் யோசனை அதற்குப் பொருத்தம். மட்டை கழிக்கும்போது கூடு இருக்கிற மட்டைகளை விட்டுவிடச் சொல்லுங்கள்.

புங்கை நல்ல நிழல். விதை கசக்கும், தின்றால் வாந்தி வரும்; காய் உதிரும் காலத்தில் தினமும் கூட்ட வேண்டும். புதிதாக வைப்பதானால் பூவரசு, மகிழம், கொன்றையில் ஏதாவது. பூவரசங்காயைத் தேய்த்துப் பம்பரம் விடலாம், இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதலாம், அந்த ஒரு மரமே விளையாட்டுச் சாமான். ஆலும் அரசும் கட்டடத்துக்குப் பகை. முருங்கையைப் பள்ளிக்குள் வைக்கவே வேண்டாம்: கிளை பட்டென்று முறியும், மழைக்காலத்தில் அடிமரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி.

வேலியில் அரளி, மஞ்சள் அரளி, எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, காட்டாமணக்கு, குன்றிமணி ஒன்றுகூட இருக்கக் கூடாது. காட்டாமணக்கு விதை கடலை மாதிரி ருசிக்கும், அதனால்தான் பிள்ளைகள் கூட்டமாகத் தின்று மருத்துவமனைக்குப் போகிறார்கள். குன்றிமணி நிறத்தாலேயே இழுக்கும். இப்போதே எல்லையைச் சுற்றி ஒரு முறை நடந்து பாருங்கள். பழைய வேலி ஓரத்தில் இதில் இரண்டு வகையாவது இருக்கும். வேரோடு எடுங்கள், வெட்டினால் துளிர்க்கும்.

மணல்குழிக்கு ஆற்றுமணல் மட்டும். எம்-சாண்ட் கல் உடைத்த தூள். முனை கூர், தூசி பறக்கும், மூச்சுக்கு ஆகாது. ஒன்றேகால் அடி ஆழம், அடியில் 4 அங்குலம் சல்லி, வடிகுழாய். மாலையில் வலை போட்டு மூடாவிட்டால் ஊர்ப் பூனைக்கெல்லாம் அதுதான் கழிப்பறை.

மழைத் தண்ணீரை விளையாட்டாக்குவதானால் தாழ்வாரத்திலிருந்து சங்கிலி வழியாக இறக்கி, 3 அங்குல ஆழ வாய்க்காலில் ஓட விடுங்கள். தேங்கவே கூடாது. இந்த வயதில் 2 அங்குலத் தண்ணீரில் குப்புற விழுந்தாலும் ஆபத்து. கல்தொட்டி வைத்தால் வாரத்துக்கு ஒரு முறையாவது கவிழ்த்துக் காய வையுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழெட்டு நாள் போதும்.

---

முற்றவெளி

கழிப்பறை பற்றிச் சொன்னது சரி, மேற்கில் வேண்டாம். அங்கே பொருள் அறை, அலுவலகம், மழைநேர விளையாட்டுக் கூடம் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

வரைபடத்தை முடிக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். இடத்தைச் சுத்தம் செய்து, மூலைக்கு முளை அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புப் பொடியால் முழு அளவில் சுவர்களைக் கோடு போடுங்கள். கதவு இருக்கிற இடத்தில் கோட்டை விடுங்கள், திண்ணைக்குச் செங்கலை இரண்டு தட்டாக அடுக்குங்கள், குகைக்குச் சாக்கும் கம்பும் போதும். காலை 9 மணிக்குப் பத்துப் பிள்ளைகளை உள்ளே விட்டு ஒரு மணி நேரம் எதுவும் சொல்லாமல் பாருங்கள். எங்கே ஓடுகிறார்கள், எங்கே திரும்புகிறார்கள், எந்த மூலையில் கூடுகிறார்கள் என்று தாளில் கோடிடுங்கள். ஓட்டம் போய் முட்டுகிற இடத்தில் தூண் வந்தால் தூணை நகர்த்துங்கள். பிறகு கைப்பேசியை 3 அடி உயரத்தில் பிடித்து, வாசலிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் நடந்து படம் எடுங்கள். வேம்பு எந்த இடத்திலிருந்து தெரிகிறது, எங்கே மறைகிறது என்று அந்தப் படத்தில் பார்த்த பிறகு சன்னல்களுக்கு இடம் குறிக்கலாம்.